ஊர் அடுப்பில் எல்லாருக்கும் ஒரு முறை வாங்கித் தந்த எங்கள் அக்கா

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உங்களில் அக்காவின் கையால் சோறு சாப்பிடாதவர்கள் மிகக் குறைவு. அவரிடம் ஏச்சு வாங்காதவர்கள் அதைவிடக் குறைவு. இரண்டையும் பிறந்த நாள் முதல் வாங்கி வந்தவள் என்ற தகுதியில், அவருடைய ஒரே தங்கையாகிய நான் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். முதலில் அத்தான்தான் எழுதுவதாக இருந்தது. ஒரு பின்னேரம் முழுக்கப் பேனையைப் பிடித்துக்கொண்டு இருந்துவிட்டு, "எனக்கு ஏலாது புள்ள, நீயே எழுது. அவவோட கூடச் சண்டை பிடிச்ச ஆள் நீதான், உனக்குத்தான் எல்லாம் ஞாபகம் கிடக்கும்" என்று தாளை என் பக்கம் தள்ளிவிட்டார். அச்சகத்துக்காரர் வேறு, "மலருக்கு ஏத்த மாதிரி மரியாதையா எழுதுங்க ரீச்சர்" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். மரியாதைக்கு ஒரு குறையும் வராது. ஆனால் அக்காவைப் பற்றிச் சிரிக்காமல் எழுத எனக்குத் தெரியாது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்கா பிறந்தது தேற்றாத்தீவுக்குக் கிட்டிய எங்கள் சின்ன ஊரில். கிழக்கே கடல், மேற்கே வாவி, நடுவில் பெரிய றோட்டு, அவ்வளவுதான் ஊர். அப்பா கிரான் பக்கத்து வெள்ளாண்மைக்காரர். எங்கள் பக்கத்து வழக்கப்படி பெண்வீட்டுக்கு மாப்பிள்ளையாக வந்தவர், வயல் வட்டையையும் மாட்டையும் தன் சகோதரிகளுக்கு விட்டுவிட்டு, இங்கே மணலில் வெற்றிலைக் கொடி நட்டார். "நெல்லு குனிஞ்சு செய்யிற வேலை, வெத்திலை நிமிந்து செய்யிற வேலை. முதுகுக்கு இதுதான் சுகம்" என்பார். அம்மா எங்களை விட்டுப் போனபோது அக்கா பள்ளிக்கூடப் பிள்ளை, நான் கைக்குழந்தை. அக்கா அதோடு படிப்பை விட்டார். என்னைக் குளிப்பாட்டி, தலை இழுத்துச் சீவி, பள்ளிக்கூடம் அனுப்பி, கடைசியில் ஓர் ஆசிரியையாக்கி நிறுத்தியது அவர்தான். நான் ரீச்சர் ஆன பிறகும் என் தலையைப் பார்த்து, "இந்தக் கோலத்தோடயா புள்ளையளுக்குப் படிப்பிக்கப் போறாய்?" என்று கேட்பதை அவர் நிறுத்தவில்லை.

அத்தான் கூட்டுறவுச் சங்கக் கடையில் முகாமையாளராக இருந்தவர். வாய் பேசாதவர். அக்காவுக்கு அப்படி ஒருவர்தான் பொருந்தும் என்று பார்த்துச் செய்த கலியாணம். அவர்களின் ஒரே மகள் இப்போது செங்கலடியில் குடும்பமாக இருக்கிறாள். யுத்தம் என்ற பெயரில் இந்த மாவட்டத்துச் சனம் பட்டதெல்லாம் அக்காவும் பட்டார். ஓடினார், திரும்பி வந்தார், மறுபடி ஓடினார். அதை உங்களுக்கு நான் எழுதிக் காட்டத் தேவையில்லை. நீங்களும் கூட ஓடியவர்கள்தான்.

சுனாமி வந்த அந்த ஞாயிற்றுக்கிழமைக் காலையில் அக்கா புட்டு அவித்துக்கொண்டிருந்தார். நான் வாசலில் கோழிகளுக்குத் தவிடு குழைத்துக்கொண்டிருந்தேன். கடல் வருகிறது என்று யாரோ கத்தினார்கள். கடல் எப்படி வரும் என்று நான் திரும்பிப் பார்ப்பதற்குள் அக்கா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடத் தொடங்கிவிட்டார். றோட்டைக் கடந்து ஆற்றங்கரைப் பக்கம் வந்த பிறகுதான் நின்றோம். வாவியை நாங்கள் ஆறு என்றுதான் சொல்வோம். அத்தானும் மகளும் வந்து சேர்ந்தார்கள். வெற்றிலைக்குத் தண்ணீர் ஊற்றப் போயிருந்த அப்பா வரவில்லை. வீடும் போயிற்று, தோட்டமும் போயிற்று. அப்பாவைத் தேடித் தேடி அக்காவின் குரல் அடைத்துவிட்டது. அவர் பேசாமல் இருந்து நான் பார்த்தது அந்த நாட்களில் மட்டும்தான்.

அன்றைக்குப் பின்னேரம் பள்ளிக்கூடத்தில் கூடியிருந்த எங்களுக்கு முதல் சோறு எங்கிருந்து வந்தது என்பது இந்த ஊரில் எல்லாருக்கும் தெரியும். கொழும்பிலிருந்து வரவில்லை, வெளிநாட்டிலிருந்தும் வரவில்லை. வாவிக்கு அக்கரையிலிருந்து, சூரியன் விழுகிற பக்கம் என்று நாங்கள் படுவான்கரை என்கிறோமே, அங்கிருந்து தோணி தோணியாக வந்தது. யாரும் கேட்கவில்லை. கடல் அடித்துவிட்டது என்ற செய்தி ஆற்றைக் கடந்ததும் வீட்டுக்கு வீடு உலை வைத்திருக்கிறார்கள். சிவப்பரிசிச் சோறும் பூசணிக்காய்க் கறியும் ஒரு பெரிய கிடாரம் நிறைய வந்திறங்கியது. அதைக் கொண்டுவந்தவர் பூமணி என்று ஓர் அம்மா. அக்காவின் வயதுதான் இருக்கும். வாட்டசாட்டமான ஆள். எல்லாருக்கும் வாழையிலையில் வைத்துக் கொடுத்துக்கொண்டு வந்தவர், அக்கா இலையைத் தொடாமல் இருப்பதைப் பார்த்துவிட்டு எதிரிலேயே குந்திவிட்டார்.

"என்ன கா, சாப்பிடல்லயா?" என்று, எங்கள் பக்கத்துப் பெண்கள் வயது பாராமல் போடும் 'கா' போட்டுக் கேட்டார்.

"அப்பாவக் காணல்ல" என்றார் அக்கா.

"சாப்பிடு கா. அழுறதுக்கும் பெலன் வேணும்."

அக்கா சாப்பிட்டார். சாப்பிட்டு முடித்துவிட்டுத்தான் அழுதார்.

பூமணி அவசரத்தில் கிடாரத்தை விட்டுவிட்டுப் போய்விட்டார். எங்கள் பக்கத்தில் சோறு வந்த சட்டியை வெறுஞ்சட்டியாகத் திருப்பிக் கொடுக்கும் வழக்கம் இல்லை. கூடாரத்தில் இருந்துகொண்டு அதற்குள் எதைப் போட்டுக் கொடுப்பது என்று அக்கா யோசித்துக்கொண்டே இருந்தார். பிறகு கடலில் மறுபடி வலை போடத் தொடங்கிய காலத்தில் கருவாடு வாங்கிக் கிடாரத்தில் நிறைத்து, நானும் அவருமாக அக்கரைக்குப் போனோம். பூமணி வீட்டு வாசலில் வைத்து, "மச்சாள், உங்கட கிடாரம்" என்றார் அக்கா. பூமணி மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, "இதத் திண்டு முடிக்கிறதுக்குள்ள இன்னொரு சுனாமி வந்திடும்" என்றார். அப்படிப் பேசினால் சிரிக்கத்தான் வேண்டுமென்று இரண்டு பேரும் சிரித்தார்கள். அன்றிலிருந்து அவர்கள் ஒருவருக்கொருவர் மச்சாள்தான்.

அந்த வருடத்தைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும், பின்னால் அது தேவைப்படும். எங்கள் கோயில் திருவிழா, உங்களுக்குத் தெரியும், தாய்வழிக் குடிக்கு ஒரு நாள் என்று முறை வைத்து நடப்பது. கடல் எடுத்த அந்த வருடம் வண்ணக்கர் ஐயாவின் குடிக்குரிய நாள் வந்தபோது அவரும் கூடாரத்தில்தான் இருந்தார். கோயில் நிர்வாகத்துக்கே தலைவரான வண்ணக்கர், உடுக்க மாற்று வேட்டி இல்லாமல் இருந்தார். "இந்த ஒரு வருசம் உங்கட முறைய நாங்க செய்யிறம் ஐயா, நீங்க இருங்க" என்று மற்றக் குடிக்காரர்கள் நல்ல மனதோடுதான் சொன்னார்கள். மனிதர் கொதித்துவிட்டார். "வீட்டக் கடல் எடுத்திச்சு. முறைய நான் ஆருக்கும் குடுக்கல்ல" என்று சொல்லி, ஒரு சீப்பு வாழைப்பழமும் ஒரு தேங்காயும் மட்டும் வைத்து அந்த நாளை அவரே நடத்தினார். அன்று கோயிலில் நின்ற எல்லாரும் அழுதோம்.

இரண்டு வருடம் கழித்து யுத்தம் மறுபடி மூண்டு அக்கரையில் ஷெல் விழத் தொடங்கியது. எங்கள் கரையில் வீட்டுக் கதவெல்லாம் அதிரும். சனம் ஆற்றைக் கடந்து வந்தது. தோணியில் வந்தார்கள், தோணி கிடைக்காதவர்கள் கழுத்தளவு தண்ணீரில் பிள்ளைகளைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அக்கா துறையிலேயே நின்றார். பூமணி இறங்கியபோது கையில் ஒரு பையும், மகளின் மகளும், ஓர் ஆட்டுக்குட்டியும்.

"கிடாரம் எங்க மச்சாள்?" என்று கேட்டார் அக்கா. அந்த நேரத்தில் கேட்கிற கேள்வியா அது? ஆனால் பூமணிக்கு அது விளங்கியது.

"கவிட்டு வெச்சிட்டு வந்திருக்கன். திரும்பிப் போனா வேணுமே" என்றார்.

வந்த சனம் பள்ளிக்கூட வளவில் தங்கியது. வகுப்பறைகள் போதாமல் மைதானத்தில் கூடாரம் அடித்தார்கள். உதவிக்கு யாரும் வராமல் இருந்தார்கள் என்று பொய் சொல்ல மாட்டேன். வந்தார்கள், நிறையவே வந்தார்கள், அதுதான் கரைச்சல். கோயில் சபை ஒரு பக்கம், கன்னியர்மடத்துச் சிஸ்டர்மார் ஒரு பக்கம், அடுத்த ஊர்ப் பள்ளிவாசல் நலன்புரிச் சங்கம் ஒரு பக்கம், மரண உதவிச் சங்கம், விளையாட்டுக் கழகம், அக்கா தலைவியாக இருந்த எங்கள் மாதர் சங்கம். ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளாமல் எல்லாரும் மத்தியானச் சோறு கொண்டுவந்தார்கள். ஒரு பிள்ளைக்கு மூன்று பார்சல். இரவுக்கு ஒன்றும் இல்லை. பால்மா மலைபோலக் குவிந்தது, வெந்நீர் வைக்க ஒரு விறகுக் கட்டை இல்லை. பதாகை கட்டுவதற்கு மரம் போதவில்லை என்று விளையாட்டுக் கழகத்துக்கும் இன்னொரு கூட்டத்துக்கும் வாய்த்தர்க்கம் வேறு.

அக்கா ஒருநாள் பொறுத்துப் பார்த்தார். மறுநாள் எல்லாரையும் பள்ளிக்கூட வேப்பமரத்தடிக்கு வரச் சொன்னார். வண்ணக்கர் ஐயா வந்தார், சிஸ்டர் வந்தார், பள்ளிவாசல் சங்கத்து ஹாஜியார் வந்தார், மற்றவர்களும் வந்தார்கள்.

"கோயில் திருவிழாவ எப்பிடி நடத்துறம்? குடிக்கு ஒரு நாள். ஒருத்தர்ர நாளில மற்றவர் கை வைக்கிறல்ல. அதே மாதிரி இஞ்சயும் செய்வம். ஒரே அடுப்பு. சங்கத்துக்கு ஒரு நாள் முறை. காலையும் மத்தியானமும் இரவும் அவங்க பொறுப்பு" என்றார் அக்கா.

திருவிழா முறை என்றதும் எங்கள் ஊரில் விளக்கம் சொல்லத் தேவையில்லை. சிஸ்டருக்கும் ஹாஜியாருக்கும்கூட உடனே பிடித்துப்போயிற்று. மரண உதவிச் சங்கத்திடம்தான் பெரிய கிடாரங்கள், கூடாரத் தகரம், கதிரை எல்லாம் இருந்தன. "செத்த வீட்டுச் சாமான்ல உசிரோட இருக்கிற சனத்துக்குச் சமைக்கிறதா?" என்று அவர்களில் ஒருவர் இழுத்தார். "சோத்துக்குத் தெரியுமா மாமா, அது எந்தக் கிடாரம் எண்டு? நல்லாத் தேச்சுக் கழுவித் தாங்க" என்று அக்கா அந்தப் பேச்சை அங்கேயே முடித்துவிட்டார்.

ஆனால் எங்கள் சனத்திடம் ஒரு சங்கதியைத் திருவிழா என்று சொல்லிவிட்டால் என்ன ஆகும் என்பதை அக்காவும் மறந்துவிட்டார், நாங்களும் மறந்துவிட்டோம். முதல் நாள் கோயில் முறை: வடை, பாயசம். அடுத்த நாள் சிஸ்டர்மார், நாங்கள் என்ன குறைந்தவர்களா என்று மீன் பொரியலும் முட்டையும். பள்ளிவாசல் சங்கத்தார் நெய்ச்சோறும் கோழியும் கொண்டுவந்து, மரக்கறிக்காரருக்கு என்று தனியாகப் பருப்பும் வைத்தார்கள். மாதர் சங்கம் மட்டும் சும்மா இருக்குமா? நாங்கள் இறால் போட்டோம். விளையாட்டுக் கழகம் இதையெல்லாம் எப்படித் தாண்டுவது என்று யோசித்து, கடைசியில் ஒலிபெருக்கி கட்டிச் சினிமாப் பாட்டுப் போட்டுப் பரிமாறியது! ஷெல்லுக்குப் பயந்து ஓடிவந்த சனம் காதைப் பொத்திக்கொண்டு நெய்ச்சோறு சாப்பிட்டது.

அடுத்த சுற்று வருவதற்குள் முகாமில் பாதிப் பிள்ளைகளுக்கு வயிற்றோட்டம். சுகாதாரப் பரிசோதகர் வந்து மைதானத்தின் நடுவில் நின்று, "இது அகதி முகாமா, கலியாண வீடா? ஆரு இஞ்ச பொறுப்பு?" என்று கத்தினார். எல்லாரும் அக்காவைப் பார்த்தார்கள். அக்கா வண்ணக்கரைப் பார்த்தார். வண்ணக்கர் வானத்தைப் பார்த்தார். அன்றோடு சட்டம் போட்டாயிற்று: ஒரு சோறு, ஒரு கறி, ஒரு கீரை. அதற்கு மேல் ஒரு அப்பளம் வைத்தால்கூட அந்தச் சங்கத்துக்கு அடுத்த முறை விறகு வெட்டுகிற முறைதான். மலசலகூடம் கழுவுவதற்கும் முறை வந்தது. அதையும் போட்டி போட்டுக்கொண்டு கழுவினார்கள் என்று சொன்னால் நம்புவீர்களா? நான் பார்த்தேன்.

எல்லாம் நன்றாக ஓடத் தொடங்கிய பிறகுதான் பூமணி அந்தக் கேள்வியைக் கேட்டார். அக்கா அடுப்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார், நானும் பக்கத்தில் இருந்தேன்.

"மச்சாள், எங்களுக்கும் ஒரு முறை தாங்க."

"என்ன முறை?"

"சமையல் முறை. எங்கட சனத்துக்கும் ஒரு நாள். உங்களுக்கும் சேத்துத்தான் சமைப்பம்."

அக்கா சிரிக்கப் பார்த்தார். பூமணி சிரிக்கவில்லை. "நேத்து என்ட பேத்தி மத்தப் புள்ளையளோட கலியாண வீடு விளையாடினா. எப்பிடி விளையாடினா எண்டு தெரியுமா? எல்லாருமா ஆளுக்கொரு சிரட்டையத் தூக்கிக்கிட்டு வரிசையில நிண்டாளுகள். மாப்பிள்ளையும் வரிசையில, பொண்ணும் வரிசையில. அவளுக்குக் கலியாண வீடெண்டா அதுதான் எண்டு வந்திட்டு மச்சாள். எங்கட புள்ளையள் எங்கட கை குடுக்கிறதையும் ஒருக்காப் பாக்க வேணும். இல்லாட்டி நாங்க திரும்பிப் போனாலும் இதுகள் வரிசையிலதான் நிக்கும்."

அக்கா கத்தியைக் கீழே வைத்துவிட்டார். வெங்காயம் அரைவாசி உரித்தபடி கிடந்தது. நான் அந்த முகத்தை அறிவேன். ஒன்றைப் பிடித்தால் விடாத முகம்.

வேப்பமரத்தடியில் மறுபடி கூடினோம். அக்கா சொல்லி முடிப்பதற்குள் வண்ணக்கர் ஐயா எழுந்துவிட்டார். அவரைக் கெட்டவர் என்று யாரும் நினைத்துவிடாதீர்கள். முகாமுக்கு வந்த அரிசியில் பெரும்பங்கு அவர் வீடு வீடாய்ப் போய்ச் சேர்த்தது. ஆனால் அவருக்கு அது பெரிய வெட்கக்கேடாகப் பட்டது. "ஒண்டுமில்லாம ஓடிவந்த சனம். அதுகளிட்டப் போய் நாங்க கை நனைக்கிறதா? நாளைக்கு ஊர் உலகம் என்ன சொல்லும்? அகதியப் பிழிஞ்சு திண்டானுகள் எண்டு சொல்லாதா? நான் இருக்கிற மட்டும் அது நடக்காது" என்றார். சிலர் அவரோடு சேர்ந்து தலையாட்டினார்கள்.

ஹாஜியார் அவர் பக்கம் திரும்பினார். "ஐயா, விருந்தாளிய ரெண்டு நாளைக்கு முன்வாசல்ல வெச்சிருக்கலாம். அதுக்குப் பிறகும் அங்கயே வெச்சிருந்தா அது மரியாதையில்ல, அந்நியம். வீட்டாக்கள எண்டா அடுப்படிக்குள்ள விடத்தானே வேணும்" என்று மெதுவாகச் சொன்னார். சிஸ்டரும் ஓமென்றார். வண்ணக்கரை அது இன்னும் சூடேற்றிவிட்டது. "அப்ப உங்கட அடுப்ப நீங்களே பாருங்க. கோயில் முறை இனி இல்ல" என்று சால்வையை உதறிப் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

கோயில் அரிசி இல்லையென்றால் அந்த அடுப்பு ஒரு கிழமைகூட எரியாது. எல்லாருக்கும் அது தெரியும். அத்தான் அன்று வாய் திறந்து, "விட்டிடன் புள்ள, சனத்துக்குச் சோறு முக்கியமில்லையா?" என்றார். பூமணியும் வந்து, "எங்களால இது குழம்ப வேணாம் மச்சாள். வரிசையில நிக்கிறம், பறவால்ல" என்றார். அந்தப் பறவால்லதான் அக்காவைச் சுட்டிருக்க வேண்டும். மறுநாள் விடிந்ததும் என்னையும் கூட்டிக்கொண்டு வண்ணக்கர் வீட்டுக்குப் போனார்.

ஐயா முற்றத்தில் பல்லுத் தீட்டிக்கொண்டு நின்றார். "அதப் பத்திக் கதைக்க வந்ததெண்டா திரும்பிப் போ புள்ள" என்றார், வாயில் நுரையோடு.

அக்கா கேட்டிலேயே நின்றார். "ஒண்டே ஒண்டு கேட்டுட்டுப் போறன் ஐயா. கடல் எடுத்த வருசம் உங்கட திருவிழா முறைய நாங்க செய்யிறம் எண்டு கேட்டமா இல்லையா?"

ஐயா இன்னும் வேகமாகப் பல்லுத் தீட்டினார்.

"உங்களுக்கு அண்டைக்கு உடுக்க வேட்டியில்ல. எண்டாலும் குடுத்தீங்களா? ஒரு சீப்பு வாழைப்பழத்தோட நிண்டீங்க. உங்களப் பாத்து நாங்க அழுதம், ஐயா. பாவப்பட்டு அழல்ல. பெருமையில அழுதம். அந்தச் சனமும் அதைத்தான் கேக்குது. வீடு போன பிறகும் உங்களிட்ட இருந்த முறை அவங்களிட்ட இல்ல. அதத் தாங்க எண்டுதான் கேக்கிறாங்க."

ஐயா கிணற்றடிக்குப் போய் வாய் கொப்பளித்தார். முகம் கழுவினார். மறுபடியும் கழுவினார். அக்கா அசையாமல் நின்றார். எனக்குக் கால் உளைந்தது. கடைசியில் துவாயால் முகத்தைத் துடைத்துக்கொண்டே, எங்களைப் பார்க்காமல், "எந்த நாள் வேணுமாம்?" என்று கேட்டார். அக்கா திரும்பி நடந்தார். றோட்டுக்கு வந்த பிறகு என் தோளில் ஒரு அடி வைத்து, "பாத்தியா கா!" என்றார். அந்த அடி இன்றைக்கும் இனிக்கிறது.

அவர்களுடைய நாள் வந்தது. ஆண்கள் எங்கள் பக்கத்து வெற்றிலைத் தோட்டங்களில் கூலிக்கு நின்று அரிசி வாங்கினார்கள். இரவல் வலையில் ஆற்று மீன் பிடித்தார்கள். பெண்கள் வாய்க்கால் ஓரமெல்லாம் போய்ப் பொன்னாங்காணி ஆய்ந்து வந்தார்கள். சோறு, மீன் ஆணம், கீரைச் சுண்டல். சட்டம் மீறவில்லை. அன்று வரிசை இல்லை. பாய் விரித்துப் பந்தி. சங்கத்துக்காரர் எல்லாரையும் உட்கார வைத்துப் பூமணி வீட்டாக்கள் பரிமாறினார்கள். பேத்தி ஒரு கோப்பையில் உப்பு வைத்துக்கொண்டு இலைக்கு இலை ஓடினாள். "கூச்சப்படாமச் சாப்பிடுங்க, கிடாரத்துல கிடக்கு" என்று பூமணி எங்களுக்குச் சொன்னபோது, எனக்கு உண்மையாகவே கூச்சமாக இருந்தது. பிறகு பசியில் அது போய்விட்டது. ஹாஜியார் இரண்டாம் தரம் சோறு கேட்டு வாங்கினார். வண்ணக்கர் ஐயா மட்டும் வரவில்லை. கோயில் முறைக்குரிய அரிசியைத் தவறாமல் அனுப்பிவிட்டு, "செய்யட்டும். ஆனா அதுகள்ர சோத்தத் திங்க என்ட தொண்டையால இறங்காது" என்று வீட்டில் இருந்துவிட்டார். அக்காவும் அதற்கு மேல் நெருக்கவில்லை.

அதன் பிறகு அந்த அடுப்பு அணையும் வரைக்கும் ஒவ்வொரு சுற்றிலும் அக்கரைச் சனத்துக்கும் ஒரு நாள் இருந்தது. அவர்கள் திரும்பிப் போன அன்று அக்கா துறை வரைக்கும் போய், 'பாதை' என்று நாங்கள் சொல்லும் தட்டையான படகில் எல்லாரையும் ஏற்றிவிட்டார். போய்ப் பார்த்தால் பூமணி வீட்டுக்குக் கூரை இல்லை. மாடுகள் இல்லை. கிடாரம் மட்டும் கவிழ்த்தபடியே கிடந்ததாம், அதற்குள் ஒரு பாம்பு குடியிருந்ததாம். "வாடகை வாங்கினீங்களா மச்சாள்?" என்று அக்கா கேட்டார். யுத்தம் முழுவதுமாக ஓய்ந்த பிறகு அக்கரையில் மறுபடி வெள்ளாண்மை வைத்தார்கள். முதல் அறுவடையில் ஒரு மூட்டை புது நெல் எங்கள் வாசலுக்கு வந்தது. வேப்பமரத்தடிக் கூட்டமும் கலையவில்லை. வெள்ளம் என்றாலும் வேறு இடத்துச் சனம் வந்தாலும் அதே சங்கங்கள், அதே முறை. இப்போது அதை ஒருவரும் அதிசயமாகப் பார்ப்பதில்லை.

அக்காவுக்கு நீரிழிவு முன்பே இருந்தது. மற்றவர்கள் வயிற்றைப் பார்த்த அளவுக்குத் தன்னுடையதைப் பார்க்கவில்லை. சிறுநீரகம் பழுதானபின் மட்டக்களப்பு ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்தோம். கடைசி நாட்களிலும் நாக்கு அடங்கவில்லை. தாதிப் பிள்ளை ஊசி போடும்போது, "மெதுவாக் குத்து மகள், இது வெத்திலைத் தோட்டத்துக் கம்பில்ல" என்றார். என்னைப் பார்த்து, "தலையச் சீவு" என்றார். அதுதான் எனக்குச் சொன்ன கடைசிச் சொல். ஒரு காலைப்பொழுதில், அத்தான் கையைப் பிடித்திருக்க, அமைதியாகக் கண்ணை மூடினார். எனக்கு இனி அம்மாவும் இல்லை, அக்காவும் இல்லை. இரண்டும் ஒரே ஆளாக இருந்தபடியால் ஒரே நாளில் இரண்டையும் இழந்தேன்.

மரணம் நடந்த வீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை. பக்கத்து வீட்டார் சமைத்துக் கொண்டுவருவார்கள். அடுத்த நாள் காலையில், யார் யார் கொண்டுவருவது என்று உறவினர்கள் பேசிக்கொண்டிருந்தபோது, ஓர் உழவு இயந்திரம் இழுவைப் பெட்டியோடு வந்து கேட்டடியில் நின்றது. பாதையில் ஏற்றி ஆற்றைக் கடந்து வந்திருக்கிறார்கள். பெட்டியில் அரிசி, பூசணிக்காய், விறகுகூட. அவற்றுக்கு நடுவில் அந்தக் கிடாரத்தைப் பிடித்துக்கொண்டு பூமணி உட்கார்ந்திருந்தார். உறவினர் ஒருவர் ஓடிப்போய், "நீங்க தூரத்தில இருந்து வந்த ஆக்கள், நீங்க இருங்க, நாங்க சமைக்கிறம்" என்றார்.

பூமணி இறங்கவேயில்லை. பெட்டியில் இருந்தபடியே, "இண்டைக்கு எங்கட முறை. என்ட மச்சாள் வாங்கித் தந்த முறை. அத நாங்க ஆருக்கும் குடுக்கிறல்ல" என்றார்.

முற்றத்துக் கதிரையில் இருந்த வண்ணக்கர் ஐயா எழுந்து போனார். போய்க் கிடாரத்தின் ஒரு பக்கத்தைப் பிடித்து இறக்கினார். அயல் வளவில் அடுப்பு மூட்டிச் சமைத்தார்கள். பந்தி போட்டபோது முதல் இலையில் அவர்தான் உட்கார்ந்தார். பூமணி சோறு வைத்தார், பூசணிக்காய்க் கறி வைத்தார். ஐயா கண்ணால் தண்ணீர் ஓட ஓடச் சாப்பிட்டார். இலையில் ஒரு பருக்கை மிச்சமில்லை.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் பலர். அக்காவைக் கடைசிவரை பார்த்த வைத்தியர்களுக்கும் தாதியருக்கும், இரத்தம் தந்த விளையாட்டுக் கழகத்து இளைஞர்களுக்கும், தகரப் பந்தல் போட்டுத் தந்த மரண உதவிச் சங்கத்தாருக்கும், செபம் சொன்ன சிஸ்டர்மாருக்கும், தன் கடையைப் பூட்டிவிட்டு மூன்று நாளும் எங்கள் வாசலில் இருந்த ஹாஜியாருக்கும், இறுதிக் கிரியைகளை முன்னின்று நடத்திய வண்ணக்கர் ஐயாவுக்கும் எங்கள் குடும்பம் தலை வணங்குகிறது. அக்கரைச் சனத்துக்கு நன்றி சொன்னால் பூமணி ஏசுவார். முறைகாரருக்கு யாரும் நன்றி சொல்வதில்லையாம்.

முப்பத்தோராம் நாளாகிய இன்று இந்த மலர் உங்கள் கைக்கு வரும்போது பந்தி தொடங்கியிருக்கும். இன்றைய சமையலும் அவர்களுடையதுதான், கேட்டு வாங்கிக்கொண்டார்கள். உப்பு வைத்துக்கொண்டு வருகிற பெண்ணைப் பாருங்கள், அவள்தான் பேத்தி. வளர்ந்துவிட்டாள். அக்காவை நினைத்து உங்களில் யாருக்காவது அழுகை வந்தால், மலரை மடித்துப் பக்கத்தில் வைத்துவிட்டு முதலில் சாப்பிடுங்கள். அழுவதற்கும் பலம் வேண்டும்.

குடும்பத்தினர் சார்பில்,
தலையைச் சீவிக்கொண்டு வந்திருக்கும்
தங்கை